மீன்கடையில் முரண்டு பிடித்த மடிக்கணினி

தைவானின் புதாய்த் துறைமுகச் சந்தையில் யாரும் செய்தித்தாள் வாங்குவதில்லை. லுவான் அக்கா இருக்கும்போது அது வெட்டிச் செலவு. எவன் படகில் இன்று வலை கிழிந்தது, எவள் மருமகளோடு பேச்சில்லை, எந்தக் கடையில் நேற்றைய மீனுக்கு இன்றைய தண்ணீர் தெளிக்கிறார்கள், எல்லாவற்றையும் மடவை மீனை வெட்டிக்கொண்டே சொல்லிவிடுவாள். சொன்னது தப்பென்று பிறகு தெரிந்தாலும் திருத்திச் சொல்ல மாட்டாள். விற்ற மீனையும் திருப்பி வாங்க மாட்டாள், விட்ட வார்த்தையையும் திருப்பி வாங்க மாட்டாள் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. லுவான் அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தையின் வாசல் மூலையில், வாத்து முட்டை விற்கும் தோக் மாமாவுக்கும் ஊதுவத்திக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் குறுக்கே படுத்தால் நிறைந்துவிடும் இடத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் ஆருய். மேலே தொங்கிய பலகையில் 'மடிக்கணினி பழுது பார்க்கப்படும்' என்று எழுதியிருந்தது. கணவன் பெங்ஹுய் எழுதியது. எழுத்துகள் ஆளுக்கொரு உயரம்.

ஆருய்க்கு நாற்பது தாண்டிவிட்டது. முழுப்பெயர் லியாவ் ருய்ஷியாங். அப்படிக் கூப்பிடுவது அம்மாவும் வங்கிக்காரர்களும்தான். சிப்பி வளர்க்கும் வீட்டில் பிறந்தவள். படித்துவிட்டுத் தைபேய்க்குப் போய், ஒரு கணினி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் பதினைந்து வருஷம் எழுந்திருக்கவில்லை. "சார், ஒயரு செருகியிருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்று அவள் கேட்பாள். "என்னை என்ன முட்டாள்னு நெனச்சியா?" என்று மறுமுனை கத்தும். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து ஒரு சின்ன 'ஓ' கேட்கும். அந்த 'ஓ'வுக்காகவே மறுநாளும் வேலைக்குப் போனேன் என்று சொல்லிச் சிரிப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீழ்த்தளத்துப் பழுது மேசைகளுக்குப் போய் நின்று வேடிக்கை பார்த்துப் பார்த்து, வேலையும் கைக்கு வந்துவிட்டது.

அவள் ஊர் திரும்பியதற்குக் காரணம் தபால்காரன் பெங்ஹுய். ஒரு விடுமுறையில் அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவன் பதிவுத் தபாலைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்க மறந்து போனான். கையெழுத்து வாங்க வந்தவன் பேனாவை மறந்துவிட்டுப் போனான். பேனாவை எடுக்க வந்தவன் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து ஒரு மணி நேரம் வாசலில் நின்றான். இது மறதி இல்லை என்று அவள் அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. தைபேயில் வந்து இருக்க அவனால் முடியாது, கடல் காற்று இல்லாவிட்டால் தும்மல் வரும் என்றான். அந்தத் தும்மலுக்காக வேலையை விட்டுவிட்டு வந்தவள் என்று தோக் மாமா இன்றும் அவளைக் கேலி செய்வார். அவளும், ஆமாம் அதற்கென்ன என்று சிரிப்பாள்.

ஆனால் சந்தையில் மேசை போட்டது சிரிப்பான காரியமாக இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம். வருடக் கடைசி விருந்து வரைக்கும் மேசை போட்டுப் பார்க்கலாம். விருந்தன்று கடைக்காரர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பல் குத்திக்கொண்டே கை தூக்குவார்கள். கை தூக்கினால் இடம் உண்டு. இல்லாவிட்டால் மேசையை மடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த மூலைக்கு, சவ்வரிசி உருண்டை போட்ட முத்துத் தேநீர் விற்கிற ஒருவன் ஏற்கனவே வந்து அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். கை தூக்குவதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. லுவான் அக்கா கை மேலே போனால் எல்லார் கையும் போகும். அவள் கை சூப் கிண்ணத்திலேயே இருந்தால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது லுவான் அக்கா மடிக்கணினியை ஒரு மீன் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வாசல் மூலைக்கு வந்து நின்றாள்.

"சனியன் எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள். "ஒரு நாள் எந்திரிக்குது, ரெண்டு நாள் படுத்துக்குது. என் வீட்டுக்காரரே தேவலாம்."

புத்தாண்டு நெருங்கிவிட்டால் லுவான் அக்காவுக்குக் கடையில் விற்பதைவிட நேரலையில் விற்பதுதான் அதிகம். கைப்பேசியை ஒரு கம்பியில் மாட்டி, காய்ந்த மடவைச் சினையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாருங்க, தேன் நிறம்! உங்க சம்பந்திக்கு இத அனுப்பினா அடுத்த வருஷம் வரைக்கும் வாயத் திறக்க மாட்டா!" என்று கத்துவாள். தூரத்து நகரங்களான காவ்ஷியுங்கிலிருந்தும் தைசுங்கிலிருந்தும் ஆட்கள் வாங்குவார்கள். யார் என்ன கேட்கிறார்கள் என்று படிக்கத்தான் மடிக்கணினி. கைப்பேசியில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது, அவளால் பிடிக்க முடியவில்லை.

ஆருய் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். திரை பளிச்சென்று எரிந்தது.

லுவான் அக்கா கணினியை முறைத்தாள். பிறகு ஆருய்யை முறைத்தாள். "கடையில இத நானும் காலையில இருந்து அமுக்கிக்கிட்டிருக்கேன். என்னையப் பொய்க்காரியாக்குதா இது?"

"அப்படி இல்லக்கா. வந்துபோற பழுதுதான் இருக்கறதுலயே மோசம். ஒரு நாள் வச்சுட்டுப் போங்க."

போகும்போது லுவான் அக்காவின் கண் ஆருய்யின் மேசையில் இருந்த பச்சைப் பொட்டலத்தின் மேல் போனது. தேங்காய்ப்பால் வாசமடிக்கும் சோளப் பொரி. அதன் பெயரே 'சமத்து, சமத்து' என்றுதான் பொருள்படும். மின்சாரத்தில் ஓடுகிற எதன் மேலும் அதை வைத்துவிட்டால் அந்த இயந்திரம் சமத்தாக இருக்கும். வங்கியில் வைக்கிறார்கள், மருத்துவமனையில் வைக்கிறார்கள், பழுது பார்க்கிறவள் மேசையில் இல்லாமல் போகுமா? பச்சை நிறமாக இருக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் இயந்திரத்துக்குக் கிறுக்குப் பிடிக்கும். பிரித்துத் தின்னக் கூடாது. தேதி தாண்டக் கூடாது. லுவான் அக்கா பொட்டலத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். இருந்தது. திருப்தியில்லாமல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று ஆருய் அந்தக் கணினியைக் குடைந்து எடுத்துவிட்டாள். மின்கலத்தைக் கழற்றிவிட்டுப் பொத்தானை நெடுநேரம் அழுத்தி, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடித்தாள். சார்ஜரை அளந்து பார்த்தாள். நினைவகத் தகட்டை எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள். விசிறிக்குள்ளிருந்து மீன் செதில்கள் வந்தன. அதை ஒரு தட்டில் சேர்த்து வைத்தபோது தோக் மாமா எட்டிப் பார்த்து, "கொஞ்சம் இஞ்சி போட்டா சூப் வச்சிரலாம்போல" என்றார். அத்தனையும் முடித்து மறுபடி மறுபடி எழுப்பிப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

மறுநாள் காலை லுவான் அக்கா மீன் பையோடு திரும்பி வந்தாள். எந்திரிக்கவில்லையாம். ஆருய்யின் மேசையில் வைத்து அழுத்தினார்கள். எழுந்தது.

"உன்னைப் பாத்தா பயப்படுதா, இல்ல உன்கூடச் சேந்துக்கிட்டு என்னைய ஆட்டி வைக்குதா?" என்று லுவான் அக்கா கேட்ட கேள்வி மீன் வரிசை முடிகிற இடம்வரைக்கும் கேட்டது.

தொலைபேசியில் எவ்வளவு திட்டினாலும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே திட்டுகிறவள் முப்பது அடி தள்ளி நாள் முழுக்க நின்று மீன் வெட்டுகிறாள்.

அன்று மதியம் கடைக்கே போய்ப் பார்த்துவிடுவதென்று போனாள். பழுது பார்க்கிறவள் வருகிறாள் என்றதும் லுவான் அக்கா வைத்தியர் வருகிற வீடு மாதிரி மேசையைத் துடைத்தாள். தராசு, கத்தி, கட்டுப்போட்ட ரசீதுகள், கணினியின் மேலிருந்த தன் பச்சைப் பொட்டலம், எல்லாவற்றையும் ஒதுக்கி அலமாரியில் வைத்தாள். ஆருய் பொத்தானை அழுத்தினாள். எழுந்தது.

பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள். ஆருய்யும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. சுற்றிப் பார்த்தபோது பெரிய உறைபெட்டியும் கணினியும் ஒரே மின்பலகையில் செருகியிருப்பது கண்ணில் பட்டது. உறைபெட்டி உறுமிக் கிளம்பும்போதெல்லாம் மேலே விளக்கு ஒரு கணம் மங்கியது. ஆருய்யின் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இதான்! பெட்டி கிளம்பறப்ப கரண்டு பூராவும் அது இழுத்துக்குது. இதுக்குத் தனியா ஒரு ஒயரு இழுத்துருவோம். இனிமே எந்திரிக்கலன்னா என்னைய ஏன்னு கேளுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை கணினி எழுந்திருக்கவில்லை. லுவான் அக்கா இந்தத் தடவை மீன் பையைத் தூக்கிக்கொண்டு வரக்கூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே ஏன் என்று கேட்டாள். சந்தைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். "தைபேயில பதினஞ்சு வருஷமாம்! போன்ல வணக்கம் சொல்றதுக்குச் சம்பளம் வாங்கிட்டு வந்துருக்கா! ஒயரு இழுத்தா, பிரிச்சா, மூடினா, ஒண்ணும் ஆகல. கை ராசியில்லன்னா மூலையில உக்காந்து முத்துத் தேநீர் ஆத்தட்டும், அதையும் இன்னொருத்தன் நல்லா ஆத்துவான்!"

அன்று ஆருய்யிடம் ஒருவரும் வரவில்லை. தன் பழைய கணினியைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த ஊதுவத்திக் கடைக்காரி, புத்தாண்டு போகட்டுமே என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

வீட்டில் பெங்ஹுய் சிப்பி ஆம்லெட் போட்டுக் கொடுத்தான். அவன் சமைப்பது அவள் மனசு சரியில்லாத நாளில்தான், அதனால் தட்டைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு அந்த மூலை வேணும் பெங்ஹுய்" என்றாள். "சின்ன இடந்தான். காத்துல ஊதுவத்திச் சாம்பல் பூரா என் மேசையிலதான் விழுது. ஆனா எனக்கு அது வேணும். ஆளுங்க முகத்தப் பாத்து வேல செய்யற எடம் எனக்கு அதுக்கு முன்னால கெடச்சதே இல்ல."

பெங்ஹுய் வாயில் ஆம்லெட்டோடு யோசித்தான். "லுவான் அக்கா வீட்டுக் கதவத் தட்டினா, இன்னைக்கு வரைக்கும் 'யாரு'ன்னு கேட்டதில்ல தெரியுமா? நேரா வந்து தெறந்துரும். அந்தக் கதவுல ஒரு மணி இருக்கு, அத நான் அடிச்சதே இல்ல. ஏன் அடிக்கலன்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பழக்கம்."

அவன் எதையோ ஆறுதலுக்குச் சொன்னான். ஆனால் ஆருய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தொலைபேசியில் எத்தனை பேர் அவளிடம் 'நான் ஒண்ணுமே செய்யல' என்று சத்தியம் செய்திருக்கிறார்கள்! பொய் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள், தினமும் செய்வதைச் செய்வதாகவே எண்ணாதவர்கள். குளித்த ஈரக் கையோடு பொத்தானை அழுத்துகிறவர், பூனை படுத்திருக்கும் கணினியைப் பூனையோடு திறக்கிறவர். கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொல்ல என்ன இருக்கிறது அதில்? அவர்களை, "இப்ப நீங்க செய்யறத ஒவ்வொண்ணா வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்று கேட்டுத்தான் கண்டுபிடிப்பாள். இங்கே அவளுக்குக் கண் கிடைத்திருந்தது. கண் கிடைத்த தெம்பில் அந்தப் பழைய வழியையே விட்டுவிட்டிருந்தாள். அவள் பார்த்ததெல்லாம் துடைத்து வைத்த மேசையை.

மறுநாள் காலை, நேரலை தொடங்குவதற்கு முன்பே போய் மீன் வரிசையில் நின்றாள். வாடைக்காற்று கடலிலிருந்து நேராகச் சந்தைக்குள் வந்து கூரைத் துணிகளை அடித்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு வந்த?" என்றாள் லுவான் அக்கா, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"பாக்கறதுக்கு. நான் எதையும் தொட மாட்டேன். நீங்க எதையும் ஒதுக்காதீங்க, தொடைக்காதீங்க. நான் இங்க இல்லவே இல்லன்னு நெனச்சுக்கங்க."

"அது கஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு லுவான் அக்கா தன் வேலையைப் பார்த்தாள்.

கைப்பேசியைக் கம்பியில் மாட்டி நேரலையைத் தொடங்கினாள். "வந்துட்டேன், வந்துட்டேன், எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று அதற்கு ஒரு சத்தம் கொடுத்தாள். மடிக்கணினியை எடுத்து வைத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு அலமாரியிலிருந்து பச்சைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து, தலை குனிந்து, "சமத்தா இரு, இன்னைக்கு நெறைய வேல இருக்கு" என்று சொல்லி, விசைப்பலகைக்குக் கீழே, இடது ஓரமாக, மெத்தென்று வைத்தாள். அதன் பிறகு பொத்தானை அழுத்தினாள்.

கணினி அசையவில்லை.

"பாத்தியா?" என்று லுவான் அக்கா திரும்பினாள். அதில் பாதி கோபம், பாதி வெற்றி.

ஆருய் கிட்டே வந்தாள். "அக்கா, அந்தப் பொட்டலத்தக் கொஞ்சம் எடுங்க."

"எதுக்கு? அது ஒண்ணுதான் எனக்குத் துணையா இருக்கு."

"கொஞ்சம் எடுங்கக்கா."

எடுத்தாள். அழுத்தினாள். திரை எரிந்தது. காவ்ஷியுங்கிலிருந்து யாரோ 'காலை வணக்கம் அக்கா' என்று எழுதியிருந்தது பெரிய எழுத்தில் தெரிந்தது.

"இப்ப வைங்க."

வைத்தாள். திரை அணைந்தது.

தோக் மாமா முட்டைத் தட்டைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றிருந்தார். "ஐயோ, பொட்டலத்துக்குக் கோபம்டா சாமி" என்றார் மெதுவாக. லுவான் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பொட்டலத்தைத் திருப்பினாள். தேதி தாண்டவில்லை. நிறம் பச்சை. பிரிக்கவில்லை. அதோடு அது கடையில் வாங்கி அப்படியே வைத்த பொட்டலம் இல்லை. கடல் காக்கும் தெய்வமான மாட்சு அன்னையின் கோயிலில் ஊதுவத்திப் புகையில் மூன்று சுற்றுக் காட்டி எடுத்து வந்தது. அது போய் இயந்திரத்தைக் கெடுக்கிறது என்றால் யாரைக் குற்றம் சொல்வது?

ஆருய்க்கும் ஒரு கணம் உள்ளுக்குள் ஜில்லென்றது. அவள் மேசையிலும் ஒன்று இருக்கிறதே. அப்போதுதான் பொட்டலத்தின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருந்த கறுப்புக் கவ்வியைப் பார்த்தாள்.

"இது என்னக்கா?"

"கிளிப்பு. காத்துல பொட்டலம் பறந்து போய் நண்டுத் தொட்டியில விழுந்துச்சு, அதான் கனத்துக்கு மாட்டி வச்சேன். ரசீதெல்லாம் பெட்டியில ஒட்டறதுக்கு இருக்குமே, அது."

ஆருய் அதைக் கழற்றி உறைபெட்டிக்குக் கிட்டே கொண்டுபோனாள். 'டக்'கென்று அவள் விரலிலிருந்து பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டது. பின்புறம் காசளவுக்கு ஒரு காந்தம். நல்ல முரட்டுக் காந்தம், பிய்த்து எடுக்க நகம் வலித்தது. பொட்டலத்தை மட்டும் கணினியின் மேல் வைத்தாள். கணினி எழுந்து சமர்த்தாக ஓடியது. கவ்வியை மட்டும் இடது ஓரத்தில் வைத்தாள், தூங்கிவிட்டது. வலது பக்கம் வைத்தாள்; விழித்துக்கொண்டது.

அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மூடியை மூடினால் கணினி தூங்க வேண்டும். மூடியாயிற்றா என்று அதற்கு எப்படித் தெரியும்? மூடியில் ஒரு பொடிக் காந்தம், கீழே இடது ஓரத்தில் அதை உணர்கிற ஒரு பொடிக் கருவி. இங்கே லுவான் அக்கா அதன் மேலேயே காந்தத்தை வைத்து, மூடியிருக்கிறாய் தூங்கு தூங்கு என்று சொல்லிவிட்டு, எழுந்திரு எழுந்திரு என்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். பொட்டலம் ஒருக்களித்து விழுந்த நாளில் எழுந்திருக்கிறது. பழுது பார்க்கிறவளிடம் கொண்டுபோகும்போது, அங்கே ஏற்கனவே ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும், இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது என்று தன்னுடையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கணினிக்கு நோயே இல்லை.

சொல்வதற்காக வாயைத் திறந்த ஆருய், லுவான் அக்காவைப் பார்த்து நிறுத்திவிட்டாள். அந்த அம்மாள் கவ்வியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டிருந்தது. கழுத்திலிருந்து காதுவரைக்கும் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. மீன் வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பியில் மாட்டிய கைப்பேசி வழியாகக் காவ்ஷியுங்கும் தைசுங்கும் பார்த்துக்கொண்டிருந்தன. நேற்று இதே இடத்தில் நின்றுதான் ஆருய்யின் பதினைந்து வருஷத்தை இந்த அம்மாள் கடலில் கரைத்தாள். திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல மேடை கிடைக்காது.

ஆருய்க்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் தொலைபேசியில் அவள் காத்திருந்து கேட்ட அந்தச் சின்ன 'ஓ', பக்கத்தில் ஆள் இல்லாதபோது மனிதர்கள் சொல்வது. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒருவரிடம் அதைப் பிடுங்கக் கூடாது. கைப்பேசியின் பக்கம் திரும்பி, சேவைப் பிரிவின் குரலில், "உள்ள ஒரு சின்ன சமாச்சாரம்தாங்க, சரியாயிடுச்சு. அக்கா, நீங்க ஆரம்பிங்க" என்றாள். கவ்வியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

லுவான் அக்கா ஆரம்பிக்கவில்லை. அந்தக் கடையில் அவ்வளவு நேரம் சத்தம் இல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. திரையில் 'அக்காவுக்கு என்ன ஆச்சு?' என்று ஒருவர் எழுதினார். 'நெட் போச்சா?' என்று இன்னொருவர்.

"பொய் சொல்லாதடீ" என்றாள் லுவான் அக்கா.

"அக்கா…"

"எட்றீ அத. பையில இருந்து எடு."

ஆருய் எடுத்துக் கொடுத்தாள். லுவான் அக்கா கவ்வியை, மடவைச் சினையைப் பிடிப்பது போலவே, வெளிச்சத்துக்கு நேரே கைப்பேசியின் முன் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இது கிளிப்பு. இதுல காந்தம். இத நான், இந்தக் கிம்லுவான், என் கையாலயே மிசினு தலையில வச்சுட்டு, எந்திரிக்கலன்னு இந்தப் புள்ளைய ஊரு பூரா நாறடிச்சேன். ஒயரு இழுத்தா, பிரிச்சா, செதிலுகூட எடுத்துக் கொடுத்தா. நான் கை ராசியில்லன்னேன்." மூச்சு வாங்கினாள். அடுத்த வார்த்தை எங்கோ தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த வழியில் அது வந்து பழக்கமில்லை. "தப்பு என்னுது. சொன்னத நான் திருப்பி வாங்கிக்கறேன்."

தோக் மாமாவின் தட்டிலிருந்து ஒரு முட்டை உருண்டு கீழே விழுந்து உடைந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னய்யா எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று வரிசையின் பக்கம் திரும்பினாள் லுவான் அக்கா. குரல் பழைய குரலுக்கு வந்துவிட்டது. கண்ணில் மட்டும் ஈரம். "விருந்து வரைக்கும் எவன் காத்துக்கிட்டிருப்பான்? வாசல் மூலை இவளுக்குத்தான். கையத் தூக்குங்க!"

அவள் கை முதலில் போனது, அதில் மீன் கத்தி இருந்தது. தோக் மாமா முட்டைத் தட்டோடு தூக்கினார். எதிர்க் கடைக்காரன் ஒரு கணவாயோடு தூக்கினான். நண்டுக்காரியின் கையில் இருந்த நண்டும் ஒரு காலைத் தூக்கியது. வாசல் பக்கமிருந்து ஊதுவத்திக் கடைக்காரி, இங்கே என்ன நடக்கிறதென்றே தெரியாமல், எல்லாரும் தூக்குகிறார்களே என்று தூக்கினாள். கணினித் திரையில் வரிசை வரிசையாகச் சின்ன மஞ்சள் கைகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன, காவ்ஷியுங்கிலிருந்தும் தைசுங்கிலிருந்தும், புதாய்க்கு வந்தே இராதவர்களிடமிருந்தும்.

ஆருய் அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை கைகளை ஒன்றாக அவள் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரியாமலே அவள் கையும் மேலே போய்விட்டது.

"நீ ஏண்டி தூக்கற?" என்று அதட்டினாள் லுவான் அக்கா. "உனக்கு ஓட்டு கிடையாது. எறக்கு கைய!"

ஆருய் இறக்கவில்லை.